பட்டம் சூட்டும் அரசியல்

தோழர்களே, நண்பர்களே!

இடதுசாரிகளுக்குள் ஏன் இத்தனை பிரிவுகள் என்று கேலி பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல நான் வரவில்லை. கருத்து வேறுபட்டால் கட்சி பிரியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் வருத்தமெல்லாம் பட்டங்களைப் பற்றித்தான். திருத்தல்வாதி, சந்தர்ப்பவாதி, இடது விலகல், வலது விலகல்... இதில் ஒன்றை ஒருவர் மேல் ஒட்டிவிட்டால், அப்புறம் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவே வேண்டாம் என்றாகிவிடுகிறது.

ஒட்டிய பெயர் எப்படி நிலைத்துவிடுகிறது என்பதற்கு ஒரு பழைய கதை. 1903இல் ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் இரண்டாவது மாநாடு பிரஸ்ஸல்ஸில் தொடங்கி, போலீஸ் தொல்லையால் லண்டனுக்கு மாறியது. யாரை உறுப்பினர் என்பது என்பதில் தகராறு. கட்சி அமைப்பு ஒன்றில் நேரடியாக வேலை செய்ய வேண்டும் என்றார் லெனின். அமைப்பின் வழிகாட்டுதலில் தொடர்ந்து உதவினால் போதும் என்றார் இன்னொரு தலைவரான மார்த்தவ். வாக்கெடுப்பில் 28க்கு 22 என்று ஜெயித்தது யார்? மார்த்தவ்! பிறகு யூதத் தொழிலாளர் அமைப்பான பண்டின் ஐந்து பேரும் வேறு இருவரும் வெளிநடப்புச் செய்தார்கள். மத்தியக் குழுவையும் பத்திரிகைக் குழுவையும் தேர்ந்தெடுக்கும்போது லெனின் கை ஓங்கியது. பெரும்பான்மையினர், அதாவது போல்ஷ்விக் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1906 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் எதிர்த்தரப்பான மார்த்தவ் அணிக்கே பெரும்பான்மை. அப்போதும் அவர்கள் 'மென்ஷ்விக்' என்ற சிறுபான்மைப் பெயரைச் சுமந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஓர் அசட்டுத்தனம்!

இது சிரித்துவிட்டுப் போகிற கதை. ஜெர்மனி அப்படியல்ல. 1919 ஜனவரியில் கம்யூனிஸ்ட் தலைவர்களான ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெக்டும் கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்தது இன்னொரு இடதுசாரிக் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி. 1929 மே தினத்தன்று பெர்லினில் தொழிலாளர்களைச் சுட்ட போலீசின் தலைவரும் அந்தக் கட்சிக்காரரே. கோபம் நியாயமானது. ஆனால் மாஸ்கோவிலிருந்து பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளை வழிநடத்திய கம்யூனிஸ்ட் அகிலம் அந்தக் கட்சியையே 'சமூக பாசிசம்' என்று முத்திரை குத்தியது. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 196 இடங்கள், சமூக ஜனநாயகவாதிகளுக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100. கூட்டிப் பாருங்கள். கூடியிருந்தால் ஹிட்லரைத் தடுத்திருக்க முடியுமா என்பது வேறு விவாதம். கூடுவதைப் பற்றிப் பேசவே விடவில்லை அந்த முத்திரை. சமூக ஜனநாயகத் தொழிலாளர்களோடு ஐக்கிய முன்னணி வேண்டும் என்ற ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர்கள் பிராண்ட்லரும் தால்ஹைமரும் 'வலது விலகல்' என்று ஏற்கெனவே வெளியே தள்ளப்பட்டிருந்தார்கள். 1935இல் மாஸ்கோவில் அகிலத்தின் மாநாட்டில் அதன் தலைவர் திமித்ரோவ் ஒற்றுமையை முழங்கினார். சமூக பாசிசப் பேச்சு மறைந்தது. அந்த இருவரைத் திரும்ப அழைத்தார்களா? இல்லை.

பழக்கமும் போகவில்லை. 1937இல், பிராங்கோவின் படைகளோடு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஸ்பெயினின் போம் என்ற இடதுசாரிக் கட்சியை, ஸ்டாலினின் எதிரியான டிராட்ஸ்கியின் ஆட்கள் என்று கம்யூனிஸ்டுகள் வேட்டையாடினார்கள். அந்தக் கட்சியை டிராட்ஸ்கியே காரசாரமாகத் தாக்கிக்கொண்டிருந்தார் என்பதை யார் பார்த்தார்கள்? தலைவர் ஆந்த்ரேயு நின் கைதாகி, காணாமல் போய், கொல்லப்பட்டார். 'நின் எங்கே?' என்று சுவரில் எழுதினால், 'சலமாங்காவில், இல்லையென்றால் பெர்லினில்' என்று கீழே பதில் எழுதினார்கள். சலமாங்கா அப்போது பிராங்கோவின் தலைமையிடம். ஆள் பாசிஸ்டுகளிடம் ஓடிவிட்டான் என்று பொருள். பதில் எழுதியவர்களும் தோழர்கள்தான்.