ரீகால்ல கவர்னரான நார்வேக்காரர்: ராக்ன்வால்ட் நெஸ்டோஸ்

வணக்கம் மக்களே. அமெரிக்கால கவர்னர் ரீகால்னா, அதாவது பதவிக்காலம் முடியறதுக்கு முன்னாடியே மக்கள் ஓட்டுப்போட்டு கவர்னர இறக்கறதுன்னா, எல்லாரும் 2003 கலிஃபோர்னியாவத்தான் சொல்லுவாங்க. ஆனா 1921லயே வடக்கு டகோட்டா மக்கள், லின் ஃப்ரேசியர்ங்கிற கவர்னர பாதியில இறக்கிட்டாங்க. அந்த நாற்காலிக்கு வந்தவர் நெஸ்டோஸ். 1877ல நார்வேயில வோஸ்ல பொறந்து, 16 வயசுல வடக்கு டகோட்டாவுக்கு வந்தவர். அங்க படிச்சு, மைனாட் ஊர்ல வக்கீலாகி, சட்டமன்றம், கவுண்டி அரசு வழக்கறிஞர்னு படிப்படியா ஏறினார்.

அப்ப அந்த மாநிலத்தையே நான்பார்ட்டிசன் லீக்ங்கிற விவசாயிகளோட அரசியல் அமைப்பு கையில வச்சிருந்துச்சு, ஃப்ரேசியரும் அதோட ஆள்தான். கோதுமை விளையறது இங்க, தரம் பிரிச்சு விலை போடறது பக்கத்து மாநிலத்து மினியாபொலிஸ்ல. அந்தக் கோபத்துலதான் 1919ல அரசு பேங்க்குக்கும் அரசு மாவு மில்லுக்கும் சட்டம் போட்டாங்க. அடுத்த வருஷமே கோதுமை விலை சரிஞ்சுது, சின்னச் சின்ன பேங்க்கெல்லாம் மூட ஆரம்பிச்சுது, அரசு பேங்க்கோட கடன் பத்திரத்த வெளியூர்ப் பணக்காரங்க தொடல.

இங்கதான் எதிரணியோட கணக்கப் பாக்கணும். பேங்க்க நடத்துனது இண்டஸ்ட்ரியல் கமிஷன். அதுல கவர்னர், அட்டர்னி ஜெனரல், விவசாய கமிஷனர்னு மூணே பேர். கவர்னர மட்டும் தூக்கினா ரெண்டுக்கு ஒண்ணுன்னு தோத்துருவாங்க. அதனால மூணு பேரு மேலயும் ரீகால்! முந்தின தேர்தல்ல விழுந்த ஓட்டுல 30 சதவீதம் கையெழுத்து வாங்கணும், வாங்கிட்டாங்க. கலிஃபோர்னியா மாதிரி "நீக்கலாமா, வேண்டாமா"ன்னு தனிக் கேள்வி கிடையாது. பதவில இருக்கறவரே வேட்பாளரா நிப்பார், யாருக்கு ஓட்டு அதிகமோ அவருக்குப் பதவி.

அக்டோபர் 28. நெஸ்டோஸ் 1,11,434. ஃப்ரேசியர் 1,07,332. வித்தியாசம் வெறும் 4,102.

ஆனா அன்னைக்கே லீக்கோட திட்டங்கள ஒழிச்சுக்கட்டக் கேட்டும் ஓட்டு நடந்துச்சு, அது அத்தனையும் தோத்துப்போச்சு. பேங்க் இருக்கட்டும், நடத்துற ஆள மாத்துன்னு ஜனங்க தெளிவாச் சொல்லிட்டாங்க. என்னக் கேட்டா, நெஸ்டோஸோட பெருமையே அதுக்கப்புறம்தான். எதிரணி ஆதரவுல ஜெயிச்சவர், லீக் ஆரம்பிச்ச பேங்க்க இழுத்து மூடல. கிராண்ட் ஃபோர்க்ஸ்ல மாவு மில் 1922ல ஓட ஆரம்பிச்சது அவர் காலத்துலதான். அதே வருஷம், ரீகால்ல பதவி போன அட்டர்னி ஜெனரல் வில்லியம் லெம்கேவ ஜெயிச்சு மறுபடி கவர்னர் ஆனார்.

1924ல குடியரசுக் கட்சி பிரைமரில, அதாவது கட்சி வேட்பாளரத் தேர்ந்தெடுக்கற ஓட்டுல, லீக் ஆதரவோட நின்ன ஆர்தர் சோர்லிகிட்ட தோத்தார். ரீகால்ல விழுந்த ஃப்ரேசியர் அதுக்கு முன்னாடியே, 1922லயே செனட்டுக்கு ஜெயிச்சுட்டார். நெஸ்டோஸ் மைனாட்டுக்கே திரும்பி வக்கீல் தொழிலப் பாத்தார். அந்த பேங்க்கும் மில்லும் இன்னும் மாநில அரசுகிட்டதான் இருக்கு.