முழங்கால் தண்ணீரில் நடக்கும் இலத்திரன்

(யாழ்ப்பாணத்தில் உயர்தர பௌதிகவியல் மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, பண்ணைக் கடலில் முழங்கால் தண்ணீரில் நடந்திருப்பீர்கள். கரையில் வீசி நடந்த அதே கால்தான். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் தண்ணீரையும் சேர்த்துத் தள்ள வேண்டும், அதனால் கால் கனக்கிறது.

சீரியம், இட்டேர்பியம், யுரேனியம் கலந்த சில உலோகங்களை நன்றாகக் குளிர்வித்தால், உள்ளே ஓடும் இலத்திரனுக்கும் இதுவே நடக்கிறது. எஃப் உபசக்தி மட்டத்து இலத்திரன்கள் அணுவோடு ஒட்டி, சின்னக் காந்தங்களாக நிற்கின்றன. குளிரில் ஓடும் இலத்திரன்கள் அவற்றோடு பிணைந்துகொள்ள, திணிவு நூற்றுக்கணக்கான மடங்கு கூடியதுபோல் நடக்கின்றன. ஒரு சீரியத்துக்கு மூன்று அலுமினியம் சேர்ந்த சேர்வையில் இது 1975 இல் தெரிந்தது. இலத்திரன் கனத்தால் வெப்பக் கொள்ளளவில் அதன் பங்கும் கூடும்; இந்தச் சேர்வையில் அந்தப் பங்கு, மூலுக்கு மூல் பார்த்தால், செம்பில் உள்ளதைப்போல் 2000 மடங்குக்கும் மேல்!

சரி, இந்தக் கனத்தைக் கம்பியும் மின்னோட்டமும் வைத்து எப்படி அளப்பது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த உலோகத்தின் அரிசி மணியளவு பளிங்கில், மயிரிலும் மெல்லிய நான்கு தங்கக் கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டுவார்கள். வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்த வித்தியாசம். அப்போதுதான் கம்பியின் தடையும் ஒட்டின் தடையும் கணக்கில் வராது. மின்னோட்டம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பளிங்கு தன்னாலேயே சூடாகிவிடும். ஈலியத்தின் இரண்டு சமதானிகளைக் கலந்து குளிர்விக்கும் கருவியில், ஒரு கெல்வினுக்கும் வெகு கீழே இறங்குவார்கள். அங்கே வெப்பநிலையின் வர்க்கத்துக்கு எதிரே தடையை வரைந்தால் நேர்கோடு வரும். கோட்டின் படித்திறன் திணிவின் வர்க்கத்தோடு கூடுகிறது: திணிவு 100 மடங்கானால் படித்திறன் ஏறக்குறைய 10,000 மடங்கு. நீங்கள் ஆய்வுகூடத்தில் வரையும் அதே வரைபுதான், பிள்ளைகளே!

அப்புறம் காந்தப்புலம். ஒரு சீரியத்துக்கு இரண்டு ருதேனியமும் இரண்டு சிலிக்கனும் உள்ள பளிங்கில் புலத்தைக் கூட்டிக்கொண்டு போனால், சுமார் 7.7 தெஸ்லாவில் அந்தச் சின்னக் காந்தங்கள் சட்டென்று புலத்தின் பக்கம் சாய்கின்றன. அந்த இடத்தில் படித்திறன் உச்சத்துக்கு ஏறி, பிறகு இறங்குகிறது. இலத்திரன் இலேசாகும் முன் இன்னும் கனக்கிறது!

ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் 1.5 தெஸ்லாதான். யுரேனியமும் தெலூரியமும் சேர்ந்த பளிங்கில் 40 தெஸ்லாவுக்கும் மேலே போனார்கள். நல்ல குளிரில் இந்தப் பளிங்கின் தடை பூச்சியமாகிவிடும்; அதுதான் மீகடத்துதிறன். பொதுவாகப் புலம் மீகடத்துதிறனைக் கொல்லும். ஆனால் 2019 இல், குறிப்பிட்ட ஒரு கோணத்தில் புலத்தைச் சாய்த்தபோது, அழிந்துபோன மீகடத்துதிறன் அங்கே திரும்பி வந்தது. தடை மறுபடி பூச்சியம். ஏன் திரும்பியது என்று இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.