பன்னிரண்டு பேரை நீக்கச் சொன்னார்கள்

வணக்கம் நேயர்களே.

வாஸ்கோ ட காமா என்றதும் நமக்குக் கள்ளிக்கோட்டையும் 1498ஆம் ஆண்டும்தான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் மனப்பாடம் செய்தோம். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் அந்தப் பெயர் ஒரு கால்பந்து கிளப்பினுடையது. அந்தக் கடற்பயணத்தின் 400ஆம் ஆண்டில், 1898இல், அங்கே குடியேறியிருந்த போர்ச்சுக்கீசியர்கள் தொடங்கியது. தொடங்கியதென்னவோ படகுப் போட்டிக்காக. கால்பந்து 1915இல்தான் வந்து சேர்ந்தது.

அப்போது ரியோவில் கால்பந்து வசதியான வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு. வாஸ்கோ நிறம் பார்க்காமல், படிப்பு பார்க்காமல் ஆள் சேர்த்தது. கறுப்பர்கள், கலப்பினத்தவர், கூலி வேலை பார்த்த ஏழை வெள்ளையர்கள். கோல்கீப்பர் நெல்சன் டாக்சி ஓட்டியவர். 1923இல் முதல் டிவிஷனுக்குள் நுழைந்த வருடமே இந்த அணி சாம்பியன் ஆனது.

பெரிய கிளப்புகளுக்குப் பொறுக்குமா? மறு வருடமே ஃப்ளமெங்கோ, ஃப்ளுமினென்ஸ், பொட்டாஃபோகோ எல்லாம் பிரிந்துபோய்ப் புதுச் சங்கம் வைத்தன. வாஸ்கோவும் வரலாம், ஆனால் 12 ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு வர வேண்டும் என்றார்கள். தோல் நிறத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர்கள் பார்க்கும் வேலையும் சமூக நிலையும் பொருத்தமாக இல்லையாம். இந்த மாதிரி சுற்றி வளைத்த பேச்சு நமக்கும் பழக்கமானதுதான்.

1924 ஏப்ரல் 7 அன்று வாஸ்கோ தலைவர் ஜோஸே அகஸ்டோ பிரெஸ்டெஸ் ஒரு கடிதம் எழுதினார். கெஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை. இந்த 12 பேரும் இளைஞர்கள், இப்போதுதான் ஆட வந்தவர்கள்; அவர்களை ஏற்றுக்கொண்ட வீடான எங்கள் கிளப்பே அவர்களுக்குக் களங்கம் உண்டாக்காது; ஆகவே உங்கள் சங்கத்தில் நாங்கள் சேரவில்லை. விஷயம் அவ்வளவுதான். இன்றைக்கும் வாஸ்கோ ரசிகர்கள் கோப்பைகளுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைத்தான் சொல்வார்கள்.

கறுப்பின வீரர்களை முதலில் ஆடவிட்ட கிளப் வாஸ்கோ அல்ல. அதே ஊரின் பாங்கு கிளப் 1905லேயே செய்துவிட்டது. ஆனால் கறுப்பர்களை வைத்துக்கொண்டு ஜெயித்தது வாஸ்கோ. பெரியவர்களுக்கு உறுத்தியது அதுதான் என்பது என் எண்ணம்.

1925இல் அந்தச் சங்கமே வாஸ்கோவைச் சேர்த்துக்கொண்டது. அப்புறம் ஒரு குறை மிச்சம் இருந்தது: உருப்படியான சொந்த மைதானம் இல்லை. ரசிகர்கள் கைக்காசு போட்டார்கள். 1927 ஏப்ரல் 21 அன்று சாவ் ஜனுவாரியோ திறக்கப்பட்டது. அன்றைக்கு பிரேசிலிலேயே பெரிய மைதானம் அதுதான். திறப்பு விழா ஆட்டத்துக்கு சாண்டோஸ் அணியை அழைத்தார்கள். அன்று வாஸ்கோ 3க்கு 5 என்று தோற்றது.