துச்சாதனா, பாத்து இழுடா!

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம். வாழ்க்கைக்குப் பெரிதும் தேவை கலகலப்பா, பொறுப்பா என்ற பட்டிமன்றத்தில், கலகலப்பே என்பது எங்கள் அணி.

எதிரணித் தோழர் "சிரிக்கிற நேரத்தில் நாலு காசு சம்பாதிக்கலாமே" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். ஐயா, நம்ம குடியாத்தம் பக்கம் வாருங்கள். மடியில் முறத்தை வைத்துப் பெண்கள் பீடி சுற்றுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒருத்தி தன் மாமியார் மாதிரி பேசிக் காட்டுவாள், தெருவே சிரிக்கும். எந்த விரலாவது நின்றதா? சிரிப்பை நிறுத்தினால்தான் கைவலி தெரியும்!

அப்புறம், வட ஆற்காட்டில் பாரதக் கூத்து பார்க்காதவர் யார்? துகிலுரியும் கட்டம். நடுநிசி தாண்டியாச்சு. கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் துச்சாதன வேஷக்காரர் புடவையில் கை வைக்கிறார். பாஞ்சாலி கதறுகிறாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். அப்போது வருகிறான் கூத்தின் கோமாளி, கட்டியங்காரன்!

"டேய் துச்சாதனா, பாத்து இழுடா! ஆரணிப் பட்டுடா! தவணையே இன்னும் முடியலடா!"

விட்டானா? துச்சாதனன் இன்னும் நாலு முழம் இழுத்தான். "டேய், இதுக்கு மேல இழுத்தா கடைக்காரனே வந்துடுவான்டா!" கடைசியில் துச்சாதனன் களைத்து மயங்கி விழுந்தான். அவன் காதில் போய்க் கட்டியங்காரன் கேட்டான்: "எழுந்திருடா, இவ்ளோத்தையும் மடிச்சு வெக்கறது யாரு?"

அழுத கண்ணோடு சனம் சிரித்தது. பாஞ்சாலியின் மானம் அதனால் குறைந்ததா? கூந்தலை முடியமாட்டேன் என்று அவள் சபதம் போட்டபோது அதே சனம்தான் கைகூப்பியது. அவ்வளவு பெரிய துக்கத்துக்கு நடுவில் சிரிப்புக்காரனுக்கு வேஷம் கட்டி இடம் கொடுத்தவர்கள் நம் பெரியவர்கள்.

சரி, நம்ம வேலூர் காந்தி ரோட்டுக்கு வாருங்கள். வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் குடும்பங்கள். அங்கே ஓர் அப்பா. மடியில் முடியெல்லாம் கொட்டிப்போன மகள். மருந்துச் சீட்டைத் தொப்பியாக மடித்துத் தன் தலையில் வைத்து, கண்ணை உருட்டி, கன்னத்தை உப்பி ஏதோ சொன்னார். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவருக்குப் பொறுப்பு இல்லையா? கடன் இல்லையா? நடுவர் அவர்களே, அந்த அப்பாவை எந்த அணியில் உட்கார வைப்பீர்கள்? எங்கள் பக்கம் அவருக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம். வணக்கம்.