ஜப்தியான சட்டைகள்

நேயர்களுக்கு வணக்கம். மூடப்பட்ட விளையாட்டு அணிகளின் சட்டை, ஹெல்மெட், பந்து ஆகியவற்றின் மேல் எனக்குப் பல வருட ஈடுபாடு. அதிலும் அமெரிக்கக் கால்பந்து. நம்மூர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு மோதி ஆடுவது.

எனக்கு மிகவும் பிடித்த அணி, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் அமெரிக்கன்ஸ். 1974-ல் வேர்ல்டு புட்பால் லீக் தொடங்கியபோது பிறந்த அணி. அந்த டிசம்பர் 5, லீஜியன் ஃபீல்டு மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரே புளோரிடா பிளேசர்ஸ். இரண்டு அணிகளிலும் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி. இருந்தும் என்ன ஆட்டம்! பர்மிங்ஹாம் 22-0 என்று முன்னேறிவிட, புளோரிடா துரத்தித் துரத்தி 21 வரை வந்துவிட்டது. ஒரே புள்ளியில் பர்மிங்ஹாம் சாம்பியன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டம் முடிந்த கையோடு ஷெரிப் என்னும் உள்ளூர்க் காவல் அதிகாரியின் ஆட்கள் வந்துவிட்டார்கள். விளையாட்டுப் பொருள் வாங்கிய கடன் பாக்கி. சாம்பியன்களின் சட்டைகள் அங்கேயே ஜப்தி! வியர்வைகூடக் காய்ந்திருக்காது. சம்பளம் வாங்காமல் ஆடி ஜெயித்தவர்களுக்கு அந்தச் சட்டையாவது மிஞ்சியிருக்க வேண்டாமா? எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த வருடம் அந்த அணி இல்லை. அதே ஊரில் வல்கன்ஸ் என்று வேறு அணி வந்தது. 1975 அக்டோபரில் லீக்கே மூடிக்கொண்டது.

இப்படிப்பட்ட அணியின் சட்டை என்று யாராவது ஒன்றை நீட்டினால், "உங்களுடையதா?" என்று கேட்க அணியின் அலுவலகம் இல்லை. சட்டைதான் சாட்சி சொல்ல வேண்டும். புத்தம் புதிதாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். கிழிந்த இடத்தில் தையல் போட்டிருக்கிறதா, எண்ணைப் பிரித்து வேறு எண் வைத்த ஊசித்துளைகள் தெரிகின்றனவா, முழங்கைப் பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அன்றைய ஆட்டப் புகைப்படம் கிடைத்தால் அதே கிழிசல், அதே தையல் படத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். திரும்பவும் சொல்கிறேன், பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள், தையலைப் பாருங்கள். ஹெல்மெட்டுக்கும் இதேதான்: மோதலில் எதிரணி ஹெல்மெட்டின் வண்ணம் ஒட்டியிருந்தால் அதைத் துடைத்துவிடாதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று சைகை வருகிறது. பந்தைப் பற்றி ஒரு வரி: இந்த லீக்கின் பந்து வழக்கமான பழுப்பு நிறம் இல்லை, பொன்னிறம், ஆரஞ்சுப் பட்டைகளோடு. வணக்கம்.