சீழ்த் துணியில் கிடைத்த டி.என்.ஏ.

வணக்கம் நேயர்களே. டி.என்.ஏ. பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நானோ முதலில் சீழைப் பற்றிப் பேசப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டி.என்.ஏ.வைக் கண்டுபிடித்தது யார் என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் வாட்சன், கிரிக், 1953 என்று ஒப்பித்துவிடும். அவர்கள் கண்டுபிடித்தது அதன் வடிவத்தை. வடிவத்தைத்தான். பொருள் அதற்கு 84 வருஷம் முன்னாலேயே, 1869-ல், ஒருவர் கையில் கிடைத்துவிட்டது. பிரீட்ரிக் மீஷர் என்ற சுவிட்சர்லாந்து இளைஞர், வயது 24. மருத்துவம் படித்தவர்தான், ஆனால் ஒரு காய்ச்சலில் காது மந்தமாகிவிட்டதால் நோயாளி பார்க்கிற வேலை சரிவராது என்று ஆராய்ச்சிக்கு வந்தவர். ஜெர்மனியின் டூபிங்கன் ஊரில், மலைமேல் இருக்கிற கோட்டையின் பழைய சமையலறைதான் அவருடைய ஆய்வுக்கூடம்.

அவருக்குத் தேவைப்பட்டது நம் இரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள், அதுவும் நிறைய. முற்றிய சிவப்பு அணுக்களில் உட்கரு, அதாவது அணுவுக்குள் இருக்கிற அந்தச் சின்ன உருண்டை, கிடையவே கிடையாது, வெள்ளையில் உண்டு. சரி, வெள்ளை அணுக்கள் குவிந்து கிடக்கிற இடம் எது? சீழ்! அந்தக் காலத்தில் அறுவை செய்த புண் சீழ் பிடிப்பது சாதாரணம். பக்கத்து மருத்துவமனையில் அவிழ்த்துப் போட்ட கட்டுத்துணிகளை வாங்கி வந்து, உப்புக் கரைசலில் அலசி, அணுக்களைச் சிதையாமல் பிரித்தெடுத்தார். அந்த நாற்றத்தை நினைத்துப் பாருங்கள், அதுவும் சமையலறையில்.

அப்புறம் பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினை ஊற்றினார். முற்றல் கறிக்கு நாம் பப்பாளிக்காய் போடுவோமே, அதே வேலைதான்: புரதத்தைக் கரைக்கும். மற்றதெல்லாம் கரைந்தது, உட்கருவில் இருந்த ஒன்று மட்டும் கரையவில்லை. சோதித்தால் அதில் பாஸ்பரஸ் ஏராளம். அப்படியானால் இது புரதமே இல்லை! உட்கருவில், அதாவது நியூக்ளியசில், கிடைத்ததால் நியூக்ளின் என்று பெயர் வைத்தார். அதைத்தான் இன்று டி.என்.ஏ. என்கிறோம்.

அவருடைய பேராசிரியர் ஹோப்பே-சைலருக்கு நம்பிக்கை வரவில்லை. தானே எல்லாவற்றையும் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் 1871-ல் அச்சுக்கு விட்டார். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது, மீஷருக்கு எப்படி இருந்திருக்குமோ! பிறகு மீஷர் சுவிட்சர்லாந்தின் பாசல் ஊருக்குப் போய், ரைன் ஆற்று சால்மன் மீனின் விந்தில் இதே பொருளைத் தேடினார். சூடு பட்டால் கெட்டுவிடும் என்று குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை. 1895-ல் காசநோயில் இறந்துபோனார். பரம்பரைக் குணம் இதில்தான் இருக்கிறது என்று அமெரிக்காவில் ஏவரி என்ற விஞ்ஞானியின் குழு காட்டியது 1944-ல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது போலிருக்கிறது. வடிவத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நூலேணியை முறுக்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியும் இரண்டு துண்டு: அடினைன் தைமினோடுதான் சேரும், குவானைன் சைட்டோசினோடுதான். அதனால் ஏணி நடுவில் பிரிந்தாலும் ஒரு பாதியைப் பார்த்தே மறுபாதியைக் கட்டிவிடலாம். செல் பெருகும்போது நடப்பது அதுதான். நம் ஒரு செல்லில் இருப்பதை நீட்டினால் சுமார் 2 மீட்டர். இந்த வடிவத்துக்குத் துப்புக் கொடுத்த எக்ஸ்ரே படத்தை 1952-ல் எடுத்தது ரோசலிண்ட் பிராங்க்ளினும் அவருடைய மாணவர் கோஸ்லிங்கும். பிராங்க்ளினுக்குப் பாதி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன், சீழிலேயே போய்விட்டது. இன்னொரு நாள் கூப்பிட்டால் அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். வணக்கம்.