புக்கீப்பர் கொம்பக்ஷன்: எண்ணாதேங்கோ, நிறுங்கோ!

வணக்கம் மக்கள்! புக்கீப்பர் எண்டது பல்சர் எண்ட மெசேஜ் சிஸ்டம் தன்ரை டேட்டாவைச் சேமிக்கிற இடம். பழைய ஃபைலிலை அழிஞ்சதை விட்டிட்டு மிச்சத்தைப் புதுசுக்குக் கொப்பி பண்ணி இடம் மீட்கிறதுதான் கொம்பக்ஷன். அது ஓடேக்கை ரைட் லேட்டன்ஸி, அதாவது எழுத எடுக்கிற நேரம், குத்தெண்டு ஏறுதெண்டு கொமன்ட் முழுக்க ஒரே முறைப்பாடு. நேரா விஷயத்துக்கு வாறன்.

எனக்குக் கோவம் கொம்பக்ஷனிலை இல்லை, அதின்ரை டிஃபோல்ட் த்ரோட்டிலிலை, அதாவது வேகக் கட்டுப்பாட்டிலை. அது பைட்டைப் பாக்காது, என்ட்ரியை, அதாவது ஒவ்வொரு பதிவையும், எண்ணும். செக்கனுக்கு 1000. என்ட்ரி 1 கேபி எண்டால் 1 எம்பிதான், பரவாயில்லை. பல்சர் மெசேஜுகளைப் பட்ச் பண்ணி, அதாவது ஒண்டாக் கட்டி, அனுப்பினால் ஒரு என்ட்ரியே 128 கேபி வரும். பெருக்கிப் பாருங்கோ, 128 எம்பி! ஒரு ஹார்ட் டிஸ்க்கின்ரை முழு மூச்சும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். திருநெல்வேலிச் சந்தையிலை வெங்காயத்தை நிறுக்காமல் மூட்டையை எண்ணியே வாங்குவியள்?

டிஸ்க் அதிலை கிடந்து அல்லாட, ஃப்ளஷ், அதாவது மெமரியிலை இருக்கிறதை டிஸ்க்குக்கு இறக்கிறது, பிந்தும். அந்த மெமரிதான் ரைட் கேஷ், அது ரெண்டு பாதி. ஒண்டு டிஸ்க்குக்கு இறங்கேக்கை மற்றது நிரம்பும். அதுவும் நிரம்பினால் புது ரைட் காத்து நிக்கும், 10 செக்கன் தாண்டினால் நிராகரிப்பு. போன வீடியோ பாத்து ஜேர்னலை, அதாவது ஒவ்வொரு ரைட்டையும் உடனை பதியிற ஃபைலை, தனி டிஸ்க்கிலை போட்டவை, நல்ல வேலை செய்தியள். ஆனா இதுக்கு அது காணாது. என்ட்ரி முதல்லை கேஷுக்குள்ளை போய்த்தான் ஜேர்னலுக்குப் போகும்.

கொன்ஃபிக்கிலை 'இஸ் த்ரோட்டில் பை பைட்ஸ்' எண்டதை ட்ரூ ஆக்குங்கோ. பிறகு 'கொம்பக்ஷன் ரேட் பை பைட்ஸ்' 20000000, அதாவது செக்கனுக்கு 20 எம்பி. நில்லுங்கோ, இதை முதலே சொல்லியிருக்கோணும்: ரெண்டையும் சேத்து மாத்துங்கோ! ரேட்டின்ரை டிஃபோல்ட் வெறும் 1 எம்பி. ட்ரூவை மட்டும் போட்டால் கொம்பக்ஷன் ஊரும், குப்பை சேரும், என்ட்ரி கிடக்கிற லெட்ஜர் டிஸ்க் எல்லாம் 95% தாண்டினால் புக்கி, அதாவது புக்கீப்பர் சேர்வர், வாசிக்க மட்டும் விடும்.

அடுத்தது எனக்குக் கண்ணிலை காட்டக்கூடாத மேஜர் கொம்பக்ஷனின்ரை த்ரெஷோல்ட், 0.8. அழியாத டேட்டா 80%க்குக் கீழை போன ஃபைலைக் கொப்பி பண்ணு எண்டதுதான் அது. 1 ஜீபி லொக் ஃபைலிலை 79% உயிரோடை இருந்தாலும் அதைக் கொப்பி பண்ணும். 790 எம்பி எழுதி 210 எம்பி மிச்சம்! 0.5 ஆக்கினால் எழுதுறதை விடக் குறையாமல் இடம் கிடைக்கும். டிஸ்க்கிலை இடம் தாராளமா இருந்தால் மட்டும் செய்யுங்கோ. அடிக்கடி ஓடுற மைனர் கொம்பக்ஷனின்ரை 0.2 நல்லாத்தான் இருக்கு, தொடவேண்டாம்.

ஆ, ரீஸ்டார்ட் வேணும். ஒவ்வொரு புக்கியா, ஒண்டு எழும்பினாப் பிறகு மற்றது. மேஜர் 86400 செக்கனுக்கு ஒருக்காத்தான் ஓடும், அதாலை ரைட் லேட்டன்ஸியின்ரை பி99 (100 ரைட்டிலை 99 முடியிற நேரம்) கிராஃபை ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கோ.